ஏட்டு இருளப்பசாமி எழுதிய ஏழு பத்திகள்

இருளப்பசாமிக்கு ஸ்டேஷனில் ஒரு பேர் இருந்தது. எப்பேர்ப்பட்ட வெட்டுக்குத்தாக இருந்தாலும் ஒரே வாக்கியத்தில் எழுதி முடித்துவிடுவார். ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு காவல் நிலையத்தில் அவர் ரைட்டர். புகார், வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் எழுதுகிற ஏட்டு. எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம்.

"மேற்படி எதிரி கையில் வைத்திருந்த அரிவாளால் வாதியின் இடது தோளில் வெட்டியதாகவும், தடுக்க வந்த வாதியின் அண்ணன் மண்டையில் ஓங்கிப் போட்டதாகவும், கீழே விழுந்தவனை மீண்டும் கணுக்காலில் வெட்டியதாகவும், சத்தம் கேட்டு ஊரார் கூடவே எதிரி தோப்புக்குள் ஓடி மறைந்ததாகவும்..." என்று 'தாகவும்' மேல் 'தாகவும்' அடுக்கிக்கொண்டே போவார். முற்றுப்புள்ளி கடைசிப் பக்கத்தில்தான் விழும். கோர்ட்டிலும் அதுதான் வழக்கம் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை.

சொந்த ஊர் வத்திராயிருப்பு. பி.யூ.சி. முடித்ததும் உயரத்தைப் பார்த்துப் போலீசில் எடுத்துக்கொண்டார்கள். அடிக்காத போலீஸ்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. எழுபத்து நாலில் ஆடு திருடியதாகப் பிடித்துவந்த ஒருவனை லத்தியால் வாயில் அடித்து முன்பல் இரண்டையும் கொட்டவைத்தவர். ஆடு பிறகு வேறொருவன் வீட்டில் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருந்ததால் ரைட்டர் வேலைக்கு வந்தார். அதன் பிறகு லத்தி எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. பக்கத்து அறையில் யாராவது கத்தினால் எழுதுவதை நிறுத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

தபாலில் படித்து பி.ஏ. வாங்கினார். முப்பத்தேழு வயதில், எண்பத்தாறாம் வருஷம், எம்.ஏ. வரலாற்றுக்கும் பணம் கட்டினார். மனைவி அழகுத்தாய் ராஜபாளையத்து வீட்டில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்துகொண்டிருந்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள்.

"இந்த வயசுல எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"ஒரு விஷயத்தையாவது முழுசாத் தெரிஞ்சுக்கிடணும்னு இருக்கு."

பாடத்தோடு வினாத்தாள் ஒன்று வரும். பதிலைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் யாரோ ஒரு பேராசிரியர் திருத்தித் திருப்பி அனுப்புவார். முதல் கேள்வி, தென்பாண்டிப் பாளையக்காரர்கள் ஏன் ஒடுக்கப்பட்டார்கள் என்பது. சேத்தூரும் ஒரு காலத்தில் பாளையமாக இருந்ததுதானே என்று உற்சாகமாக ஒன்பது பக்கம் எழுதினார். கோட்டை இடிந்ததாகவும், தூக்கில் போட்டதாகவும், ஆயுதங்களைப் பறித்ததாகவும் எழுதினார். திரும்பி வந்தபோது நூற்றுக்குப் பதினெட்டு. ஓரத்தில் சிவப்பு மையில் சின்ன எழுத்து.

'ஒன்பது பக்கத்துக்கும் ஒரே பத்தி. இதில் தங்கள் கருத்து எது? ஒரு பத்தியில் ஒரு செய்தியை மட்டும் நிறுவுக. முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லுக. பின்னர் சான்று தருக. சான்று இல்லையேல் செய்தியை நீக்குக.'

அவரோடு அதே படிப்புக்குக் கட்டியிருந்தவர் ஹமீது. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மண்டியில் குமாஸ்தா. பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இரண்டு பேரும் தாள்களை விரித்துவைத்துப் பார்த்தார்கள்.

"எனக்கும் இதே கதைதான் ஏட்டையா. பாரா பிரிக்கலன்னு வெளுத்து வாங்கிட்டாரு" என்றார் ஹமீது. "நானும் நாலு வரிக்கு ஒரு பாரான்னு பிரிச்சு மறுபடி அனுப்புனேன். அதுக்கும் திட்டுறாரு. இந்தப் பத்திக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பத்து வருஷத்தைக் காணோம், எங்க போச்சுன்னு கேட்டு எழுதியிருக்காரு."

ஸ்டேஷனில் பாரா என்றால் காவலுக்கு நிற்கிற முறை. இது வேறு பாரா என்று பிடிபடவே இருளப்பசாமிக்கு ஒரு மாசம் ஆனது. வீட்டில் உட்கார்ந்து பழைய கட்டுரையை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு 'தாகவும்' இருந்த இடத்திலும் முற்றுப்புள்ளி வைத்ததும் அடுத்த வரி தனியாக நின்றது. தனியாக நின்ற வரி, யார் செய்தது, எப்படித் தெரியும் என்று கேட்டது. பாதிக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாததை அடித்தார். மிஞ்சியதை எழுதி அனுப்பியதற்கு ஐம்பத்திரண்டு மதிப்பெண் வந்தது. ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

எண்பத்தேழு ஜூலையில் சேத்தூர்ப் பக்கம் கிணற்று மோட்டார்களில் செம்புக் கம்பிச் சுருள் திருடு போனது. நாலு தோட்டத்தில் போனதும் மேலே இருந்து நெருக்கினார்கள். சப்-இன்ஸ்பெக்டர் வைகுண்டராஜ், மாந்தோப்புக் காவலுக்கு இருந்த பேச்சிமுத்து என்பவனை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். இருபத்தாறு வயது, ஒல்லியான ஆள். பின்னாலேயே அவன் மனைவி கருத்தம்மாள் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள்.

பேச்சிமுத்துவைப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போன கான்ஸ்டபிள் வேலுசாமி. கொஞ்ச நேரத்தில் அடி விழ ஆரம்பித்தது. முதலில் உள்ளங்காலில். அந்தச் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் துவைப்பது மாதிரி இருக்கும், போலீஸ்காரர்களுக்குத் தெரியும். "நான் எடுக்கல ஐயா" என்று பேச்சிமுத்து சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு வார்த்தை போய் வெறும் ஊளை மட்டும் வந்தது.

பதினொன்றரைக்கு ஒரு சம்மனில் கையெழுத்து வேண்டியிருந்தது. இருளப்பசாமி பின்னறைக் கதவைத் தள்ளினார். பேச்சிமுத்து அம்மணமாக மல்லாந்து கிடந்தான். வேலுசாமி அவன் கணுக்கால்களை இறுக்கிப் பிடித்திருந்தான். தொடைகளுக்கு மேலே உலக்கை மாதிரி ஒரு கம்பை வைத்து, அதன்மேல் வைகுண்டராஜ் ஏறி நின்று உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பேச்சிமுத்துவின் கண் ஏட்டு மேல் வந்து நின்றது.

"என்னய்யா ஏட்டு?"

"கையெழுத்து ஐயா."

அப்படியே நின்றபடி வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இருளப்பசாமி வெளியே வந்து மேஜையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிவாக்கில் கருத்தம்மாள் படிக்கட்டு வரைக்கும் வந்தாள்.

"ஏட்டையா, அவிய சத்தமா கேக்குது?"

"இல்ல, வேற ஆளு. அங்க போயி உக்காரு" என்றார்.

ஒன்றேகாலுக்குச் சத்தம் நின்றது. உள்ளே ஏதோ கனமாகச் சுவரில் மோதிய ஓசைதான் கடைசி. வேலுசாமி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். திரும்பி வந்து, "ஏட்டையா, மூச்சக் காணோம்" என்றான். மண்டையின் பின்பக்கம் உடைந்திருந்தது.

கருத்தம்மாளிடம், அவனை ராஜபாளையம் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அங்கே போ என்று சொல்லி பஸ் ஏற்றினார்கள். இரண்டு மணிக்குப் பின்கட்டில் ஜீப்பை நிறுத்திச் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள். சேத்தூர்ப் பக்கம் ஒரு பாழுங்கிணறு. வைகுண்டராஜ் திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"எழுதும். சந்தேகத்தின் பேரில் பிடிக்கப் போனபோது எதிரி ஓடியதாகவும், துரத்திச் சென்றபோது கிணறு இருப்பது தெரியாமல் விழுந்ததாகவும், பாறையில் மண்டை அடிபட்டு அந்த இடத்திலேயே இறந்துபோனதாகவும். எல்லாத்தையும் ஒரே ஓட்டமா எழுதிடும். உமக்குச் சொல்லியா தரணும்? நான் போயி பெரிய ஐயாவுக்குப் போன் பண்ணிட்டு வாரேன்."

இருளப்பசாமி பொது நாட்குறிப்பை விரித்தார். அது பக்க எண் அச்சடித்த புத்தகம். 'பேச்சிமுத்து என்பவர்' என்று தொடங்கினார். எங்கே பிடித்தார்கள்? காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் இருந்தவன், இரண்டு மணிக்குத் தோட்டத்தில் எப்படி ஓடுவான்? நடுவிலே நாலு மணி நேரம் எங்கே? பேனா அதற்குமேல் போகவில்லை. பிறகு போனது. அவர் பின்னாளில் அழகுத்தாயிடம் சொன்னது, நியாயம் தர்மம் என்றெல்லாம் அப்போது ஒன்றும் தோன்றவில்லை, அந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை என்பதுதான். 'பேச்சிமுத்து காலை பத்து மணிக்கு நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டார்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். அதற்கு அடுத்ததை அடுத்த பத்தியில் எழுதினார். நாலு பத்தி ஆனது.

வைகுண்டராஜ் வந்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். பிறகு மேஜை மேலிருந்த ரூல்தடியை எடுத்தார்.

"வேலுசாமி, ஏட்டு கையப் புடி."

வேலுசாமி தயங்கினான். கன்னத்தில் ஒன்று விழுந்ததும் வந்து பிடித்தான். இருளப்பசாமியின் வலது கையை மேஜை மேல் விரித்துவைத்து அழுத்தினார்கள். முதல் அடியில் ஆள்காட்டி விரல் மடங்கியது. மூன்றாவது அடியில் நடுவிரல் எலும்பு தோலுக்கு வெளியே வந்தது. அதன்பின் எண்ணவில்லை. நாட்குறிப்பின் அந்தத் தாளைக் கிழித்து, அவர் வாயைத் திறந்து உள்ளே திணித்தார் வைகுண்டராஜ். "தின்னும். எம்.ஏ. படிக்கீரோ?" என்று கேட்டுவிட்டு நாற்காலியோடு உதைத்துத் தள்ளினார். வேறு ஏட்டை வரவழைத்து அன்றைக்கே எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரின் கையைப் பார்த்து அழகுத்தாய் தறியிலிருந்தே துணியைக் கிழித்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். மூன்று விரலும் கோணலாகத்தான் கூடியது.

"செத்தவனுக்கு இனிமே என்ன செஞ்சு என்ன? விடுங்க. நமக்கு யாரு இருக்கா?" என்றாள் அவள்.

அவரும் விட்டுவிடத்தான் இருந்தார். ஆனால் கருத்தம்மாள் விடவில்லை. ராஜபாளையம் கோர்ட்டு வாசலில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் புருஷன் கிணற்றில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும் சேத்தூர் ஆட்களோடு ரோட்டில் உட்கார்ந்தாள். தடியடி நடந்தது. அவளுக்கு இடது முழங்கை உடைந்தது. பேப்பரில் செய்தி வந்ததும் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உத்தரவானது. சாட்சிகள் பட்டியலில் ரைட்டர் பேரும் இருந்தது.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது, பட்டப்பகலில் மூன்று பேர் இருளப்பசாமி வீட்டுக்கு வந்தார்கள். வைகுண்டராஜின் மச்சினன் ஒருவன், மற்ற இரண்டு பேர் யாரென்று தெரியாது. வாசலிலேயே கடப்பாறையைச் சாத்திவிட்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள்.

"ஏட்டையா லீவுல வெளியூர் போயிருக்காருன்னு இருக்கட்டும். அதான் நல்லது."

"இந்தக் கையோட நான் எங்க போவேன்?" என்றார் அவர்.

கடப்பாறை முதலில் தறியில் இறங்கியது. பாவு நூலைக் கத்தியால் குறுக்கே அறுத்தார்கள். தடுக்கப்போன அழகுத்தாயின் முடியைப் பிடித்து ஒருவன் இழுத்தான். இன்னொருவன் காதுத் தோட்டைப் பிடித்து ஒரே சுண்டாகச் சுண்டி இழுக்க, காது கிழிந்து தொங்கியது. இருளப்பசாமி ஒற்றைக் கையோடு பாய்ந்தார். கடப்பாறையின் மழுங்கிய முனை விலாவில் இடித்தது. அவர் எழுந்திருப்பதற்குள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

அழகுத்தாய் காதைத் துணியால் அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அறுந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அவருடைய படிப்பு நோட்டு ஒன்றை எடுத்துவந்தாள்.

"சொல்லுங்க, நான் எழுதுதேன். உங்க கைதான ஒடஞ்சிருக்கு."

அவர் சொன்னார், அவள் எழுதினாள். எட்டாம் வகுப்புக் கையெழுத்து, பெரிசு பெரிசாக இருந்தது. ஒரு பத்திக்கு ஒரு செய்தி. முதல் வரியில் நடந்தது, அடுத்த வரிகளில் அது எப்படித் தெரியும், யார் பார்த்தது, எது எழுத்தில் இருக்கிறது. தான் யார் என்பது ஒன்று. பேச்சிமுத்து வந்தது ஒன்று. பின்னறையில் கண்டது, செத்தது, ஜீப்பில் ஏற்றியது, தன் கையை உடைத்தது என்று ஆறு பத்தி. இரண்டு நாள் பிடித்தது.

அவள் முழுவதையும் உரக்க வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கையெழுத்து வாங்கப் போனது பதினொண்ணரை. அவன் செத்தது ஒண்ணேகால். நடுவுல நீங்க எங்க இருந்தீங்க?"

"மேஜையிலதான்."

"என்ன செஞ்சீங்க?"

அவர் கைக்கட்டின் முடிச்சைத் தடவினார்.

"அதத்தான கேக்குதேன். இத வாசிக்கிறவுக அதக் கேக்க மாட்டாகளா?"

"எழுதிக்கிட்டு இருந்தேன்" என்றார். "அந்தப் பிள்ளை வந்து கேட்டுச்சு. இல்லன்னு சொன்னேன்." அதைச் சொல்லும்போது அவர் முகம் கோணியது. விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து அழுதார். அவள் எழுந்து வந்து தொடவில்லை. அழுகை அடங்கும் வரைக்கும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மூன்றாவது பத்திக்கும் நாலாவது பத்திக்கும் நடுவில் புதுத் தாள் ஒன்றை வைத்தாள்.

அந்தப் பத்தியின் முதல் வரி இது: 'பேச்சிமுத்து அடிபடுவது எனக்குத் தெரிந்தும் நான் தடுக்கவில்லை.'

ஸ்ரீவில்லிபுத்தூர் பயணியர் விடுதியில் விசாரணை. ஆர்.டி.ஓ. ஏழு பத்தியையும் வாசித்துவிட்டு வைகுண்டராஜைக் கூப்பிட்டு, அவருடைய அறிக்கையைக் கையில் கொடுத்தார்.

"இதுல எங்கயாவது நேரம் போட்டிருக்கா?"

"ஓடினதாகவும்..." என்று வைகுண்டராஜ் ஆரம்பித்தார்.

"எத்தன மணிக்கு ஓடுனாரு? காலையில பத்து மணிக்கு புருஷன் பின்னாலயே ஸ்டேஷனுக்கு வந்ததா அந்தம்மா சொல்றாங்க. பிரேதப் பரிசோதனையில உள்ளங்கால் வரிவரியாக் கன்னியிருக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. கிணத்துல விழுந்தவருக்கு உள்ளங்கால் எப்படிக் கன்னும்?"

வைகுண்டராஜ் அறிக்கையை மடித்து மேஜை மேல் வைத்தார்.

இருளப்பசாமியின் வாக்குமூலத்தைக் கருத்தம்மாளுக்கும் வாசித்துக் காட்டினார்கள். அவள் வராந்தாவுக்கு வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. இருளப்பசாமி எழுந்து நின்றார். வலது கையை ஓங்கி அவர் முகத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. போலீஸ்காரர் ஒருவர் தடுக்க வந்தபோது இருளப்பசாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"எனக்குக் கேட்டுச்சே. அவிய சத்தம்னு எனக்குத் தெரிஞ்சுச்சே. நீரு இல்லன்னு சொன்னதால நான் போயி மரத்தடியில உக்காந்தேன்" என்றாள். அதன்பின் அவரிடம் அவள் பேசியதேயில்லை. பிறகு அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

செஷன்ஸ் வழக்கு தொண்ணூறில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் இருளப்பசாமியை ஒன்றரை நாள் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்டார். "அப்படின்னா நீரும் குற்றவாளிதானே?" என்று அவர் குரலை உயர்த்தியபோது, "ஆமா, நாலாவது பத்தியில எழுதியிருக்கேன்" என்றார். அதற்கு மேல் அந்த வழியில் வக்கீலுக்குப் போக முடியவில்லை. வைகுண்டராஜுக்கு ஏழு வருஷம், வேலுசாமிக்கு இரண்டு வருஷம். மேல்கோர்ட்டில் ஏழு நாலானது.

அதே நாலாவது பத்தியை வைத்துத்தான் இருளப்பசாமியை வேலையிலிருந்து நீக்கினார்கள். கடமை தவறியதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று உத்தரவில் இருந்தது. அவர் அப்பீல் போகவில்லை. இடது கையால் எழுதப் பழகி எம்.ஏ. பரீட்சை எழுதினார். கை ஓடாததால் ஒவ்வொரு தாளிலும் கடைசிக் கேள்வி நின்றுபோனது. இரண்டாம் வகுப்பில் தேறினார். ஹமீது தேறவில்லை, அவர்தான் இருளப்பசாமிக்குக் கோர்ட்டு ரோட்டில் ஒரு மேஜையும் இரண்டு ஸ்டூலும் வாங்கிப் போட்டார். அங்கே உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தார். தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் அரிவாள் எடுத்த காலம். தலையில் கட்டோடும் கழுத்திலிருந்து தூளிபோல் தொங்கவிட்ட கையோடும் ஆட்கள் வருவார்கள். வெட்டியவன் பக்கத்து ஆளும் வருவான், வெட்டுப்பட்டவன் பக்கத்து ஆளும் வருவான். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் எழுதினார். தொண்ணூற்று மூன்றில் யாரோ பின்னாலிருந்து சைக்கிள் செயினால் அடித்ததில் இடது கண் பார்வை பாதி போனது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

தொண்ணூற்றாறில் ஒரு நாள் காலையில் வேலுசாமி வந்தான். தலை நரைத்திருந்தது. தண்டனை முடிந்து வந்து வத்திராயிருப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் ஏதாவது கேட்டு அரசாங்கத்துக்கு மனு எழுத வேண்டும் என்றான்.

"எழுதலாம். உக்காரு" என்றார் இருளப்பசாமி. "என்ன நடந்துச்சுன்னு முதல்ல வரணும். அதுக்குப் பொறவுதான் கேக்க வேண்டியதக் கேக்க முடியும்."

"எல்லாந்தான் கோர்ட்டுல இருக்கே."

"நீ சொல்லி இல்லயே. கால யாரு புடிச்சா?"

வேலுசாமி ஸ்டூலைத் தூக்கி அவர் மேல் எறிந்தான். ஸ்டூலின் கால் நெற்றியில் பட்டுப் புருவம் பிளந்தது. மேஜையைக் கவிழ்த்து, விழுந்தவர் மார்பில் ஓங்கி ஓர் உதை கொடுத்தான். காத்திருந்த ஆட்கள் அவனைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்தார்கள். ஒருவன் செருப்பைக் கழற்றினான்.

"விடுங்க அவன" என்றார் இருளப்பசாமி, தரையிலிருந்தபடியே.

விட்டார்கள். வேலுசாமி மூச்சு வாங்க நின்று அவரைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோனான். மறுபடி அவன் வரவேயில்லை.

இரண்டு பேர் மேஜையை நிமிர்த்தி வைத்தார்கள். இருளப்பசாமி துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சிதறிய தாள்களைப் பொறுக்கினார். வரிசையில் அடுத்ததாக நின்றவள் சுடலையம்மாள் என்ற நடுவயதுப் பெண். கொழுந்தன் அவள் தகரக்கூரையைப் பிரித்து எறிந்துவிட்டான் என்று புகார் எழுத வந்தவள். ரத்தத்தைப் பார்த்துத் தயங்கி, "நாளைக்கு வாரேன் ஐயா" என்றாள்.

"இல்ல, இருங்க" என்றார். இடது கையில் பேனாவை எடுத்தார். "கூரையப் பிரிச்சப்ப நீங்க வீட்டுக்குள்ள இருந்தீகளா, வெளிய இருந்தீகளா?"